வீட்டு நலன்: விடியட்டும் என்றிருக்கலாகாது

சங்கத்து அன்பர் பலர் ஊரை விட்டு வந்தும் நாய் வளர்க்கும் ஆசையை விட்டு வந்தாரில்லை. நாக்பூர் ரயில்வே குடியிருப்பில் நாமும் இராஜபாளையம் நாயொன்றை ஒன்பது ஆண்டுகள் வளர்த்தோம். சென்ற மார்கழியில் அதனை இழந்தோம். பிறர்க்கும் அவ்வாறு நேராதிருக்க இதனை எழுதுகிறோம்.

அன்று வீட்டார் அனைவரும் வெளியே சென்றிருந்தமையால், பகலெல்லாம் பட்டினி கிடந்த நாய்க்கு இரவில் ஒரே முறையாக வயிறு நிறையச் சோறிட்டோம். அவசரமாக விழுங்கியது, உடனே குழந்தைகளோடு ஓடியாடிற்று. இரண்டு மணி நேரத்தில் நிலைகொள்ளாது தவித்தது, எச்சில் ஒழுகியது. பலமுறை ஓங்கரித்தும் நுரையன்றி வேறொன்றும் வெளிவரவில்லை. வயிறு மத்தளம்போல் உப்பிற்று. அஜீரணம் என எண்ணி ஓமநீர் புகட்டினோம். விடிந்ததும் மருத்துவரிடம் செல்லலாம் என்றிருந்தோம். விடியுமுன் அதன் உயிர் பிரிந்தது.

பின்னரே கால்நடை மருத்துவர் வாயிலாக உண்மை அறிந்தோம். இரைப்பையில் காற்று நிறைந்து, இரைப்பையே முறுக்கிக்கொள்ளும் நோய் இது. அப்போது உள்ளே போகும் வழியும் வெளியேறும் வழியும் அடைபடும். இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் உயிர் போகும். கிரேட் டேன், அல்சேஷன் முதலிய, மார்பு ஆழ்ந்த பெரிய நாய்களுக்கு இந்நோய் மிகுதி. வயது ஏற ஏற அச்சமும் ஏறும். ஈறு வெளுத்தல், மூச்சிரைத்தல், தள்ளாடி விழுதல் ஆகியன முற்றிய நிலையின் குறிகள். இதற்குக் கைமருந்து கிடையாது. வாய்வழி எதையும் புகட்டலாகாது. மருத்துவர் காற்றை வெளியேற்றி, இரத்தக் குழாயில் திரவம் ஏற்றி, அறுவை செய்து முறுக்கை நீக்கவேண்டும்.

வருமுன் காக்கும் வழிகளும் உள. நாளொன்றுக்கு ஒரே வேளையாக இடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பகிர்ந்து இடுக. விரைந்து விழுங்கும் நாய்க்கு அகன்ற தட்டில் பரப்பி வைக்கலாம். உண்டபின் ஒரு மணி நேரமேனும் ஓடவிடாதீர். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு முன்னரே தைத்துவிடும் அறுவையும் உண்டு. பெரிய இன நாய் வைத்திருப்போர் அதுபற்றி மருத்துவரைக் கேட்டறிதல் நன்று.

இவற்றினும் முதன்மையானது ஒன்று. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, நாயை ஏற்றிச்செல்ல இசையும் வண்டிக்காரர் யார் என்பதை இன்றே விசாரித்து, தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். வெளிநாடன்று எனினும் இது நமக்கு வேற்றூர். நள்ளிரவில் வழி கேட்டுத் திரிய நேரமிராது.