அம்பேத்கர்னா நாக்கு சுளுக்குதோ?

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அக்கா மகனை ஒன்னாப்பில் சேர்க்கக் கூட்டிப் போயிருந்தோம். பையன் பெயர் அம்பேத்கர். எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, வேற பேரே கெடைக்கலியா? வாயில நுழைய மாட்டேங்குது. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல பேரச் சொன்னாலே தெரிஞ்சிரும். பிள்ளைக்குத்தான கஷ்டம்?"

அக்கா களையெடுக்கப் போகிறவள். மூணாப்புக்கு மேல் படிக்கவில்லை. "தெரியட்டும் சார். தெரியணும்னுதான் வச்சோம்" என்றாள்.

எழுதிக்கொண்டார். ஆனால் வருஷம் பூராவும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேயில்லை. "ஏய், அம்பேத்து" என்பார். இல்லாவிட்டால் "கடைசி பெஞ்சு".

வாயில் நுழையவில்லையாம். எந்த வாயில்? 1953இல் கருணாநிதி தன் மகனுக்கு ரஷ்யத் தலைவரின் பெயரை வைத்தார். 'ஸ்டாலின்' என்று சொல்ல எந்த வாத்தியாருக்கும் நாக்கு சுளுக்கவில்லை. லெனின் நுழைகிறது, நேரு நுழைகிறது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு நாலு போஸ். அட, கவாஸ்கரும் டெண்டுல்கரும் நுழையவில்லையா? அதுவும் மராட்டிதான், அதே 'கர்'தான். சிக்கல் நாக்கில் இல்லை ஐயா, நாக்குக்குப் பின்னால் இருக்கிறது.

சரி, உச்சரிப்பையே பேசுவோம். மராட்டியில் அந்தப் பெயரில் இருப்பது 'ட்', 'த்' அல்ல. நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் அது 'த்' ஆகிவிட்டது. ஆக, சுத்தமாகச் சொல்கிறேன் என்கிற பண்டிதரும் சுத்தமாகச் சொல்லவில்லை. அந்நியச் சொல்லைத் தமிழின் ஓசைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளத் தொல்காப்பியமே இடம் தருகிறது. பாபாசாகேப்பின் பூர்வீகம் ரத்தினகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். பெயரிலுள்ள 'கர்' அந்த ஊர்க்காரர் என்பதைக் குறிக்கிறது. எங்கள் காலனிக் கிழவி 'அம்பேத்காரரு' என்கிறாள். படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? மராட்டி தெரியாமலேயே அவள் பொருளைத் தொட்டுவிட்டாள். அவள் வாயில் திரிவது ஓசை மட்டும். வாத்தியார் வாயில் திரிவது மரியாதை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மனுவைப் படிக்கட்டும். பார்ப்பானுக்கு மங்களமான பெயர், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு தோன்றும் பெயர் என்று இரண்டாம் அத்தியாயத்தில் விதித்து வைத்திருக்கிறான். சூத்திரனுக்கே இது என்றால் சேரிக்கு? குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி. முத்துச்சாமி என்று வைத்தாலும் சாமியை வெட்டிவிட்டு 'ஏலே முத்தா' என்றுதானே கூப்பிட்டார்கள்?

முருகேசன் என்பது எந்த வாயிலும் நுழையும் பெயர்தான். அதற்கு முன்னால் 'பஞ்சாயத்துத் தலைவர்' என்று சேர்ந்ததும் பொறுக்கவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பஸ்ஸை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அதே 1997இல்தான் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம். அரசு என்ன செய்தது? போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. எங்களில் ஒருவன் பெயரைச் சகிப்பதைவிட எல்லாப் பெயரையும் அழிப்பது இந்தச் சமூகத்துக்குச் சுலபமாக இருந்தது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. படித்து டவுனுக்குப் போனதும் பிள்ளைக்கு ஏதாவது ஒரு 'ஷ்' வைத்து ஒளிந்துகொள்கிறீர்கள். வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டுமே, புரிகிறது. ஆனால் பெயரில் சாதி தெரியாவிட்டால் வீட்டுக்காரன் விட்டுவிடுகிறானா? "சொந்த ஊரு எது? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வருகிறதே, அதற்கு எந்த 'ஷ்' பதில் சொல்லும்?

"அம்பேத்கர் எல்லாருக்குமான தலைவர்" என்று மேடையில் முழங்கும் மற்ற தோழர்களே, உங்கள் வீட்டுத் தொட்டிலில் ஒரு அம்பேத்கர் உண்டா? நீங்களும் வைத்திருந்தால் பெயரைக் கேட்டதும் சாதி எப்படித் தெரியும்? அவரைக் கம்பிக்கூண்டுக்குள் சிலையாக நிறுத்தியது போதாதென்று, பெயரையும் காலனிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

போன மாசம் எங்கள் தெருவில் இன்னொரு அம்பேத்கர் பிறந்திருக்கிறான். அஞ்சு வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் கூட்டிவருவோம். வாத்தியார் இப்போதிருந்தே சொல்லிப் பழகட்டும்.