கப் வாகனம் வாங்கமுன் ஒரு கணக்கு

காணி விடுபட்டு ஊர் திரும்பிய ஒரு கமக்காரர் அண்மையில் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 ஆனி மாதத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, உறவினர் வளவுகளிலும் முகாமிலுமாக இருபத்தேழு ஆண்டுகளைக் கழித்து, 2017இல் மீண்டும் தன் செம்மண்ணில் கால் வைத்தவர். இப்போது பதினாறு பரப்பில் வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் செய்கிறார். கையில் ஒரு பழைய லாண்ட்மாஸ்டரும் பெட்டியும் உண்டு.

“பாதர், மகன் வெளியிலையிருந்து கொஞ்சக் காசு அனுப்புறன் எண்டு சொல்லுறான். மிச்சத்துக்கு லீசிங் போடலாம். புதுக் கப் ஒண்டு எடுத்தால் சந்தைக்கும் போகலாம், பின்னாலை பெட்டியைக் கொழுவி எருவும் குழையும் இழுக்கலாம்தானே? எது நல்ல வாகனம் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. 2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஐந்து ஆண்டுகளுக்குக் கிட்ட புது வாகனம் நாட்டுக்குள் வரவில்லை. ஓடித் தேய்ந்த வாகனங்கள் புதிதாய் வாங்கிய விலையிலும் கூடுதலாக விலைப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2025இன் தொடக்கத்தில் தடை நீங்கியதும் பலரது வீடுகளில் இதே பேச்சு எழுந்தது. நாம் வாகன வியாபாரிகள் அல்லர். ஆனால் கிராம வேலைகளுக்காகப் பல வாகனங்களை ஓட்டியும் ஓட்டுவித்தும், சிலவற்றைக் கெடுத்தும் பழகியவர்கள். அந்த உரிமையோடு எமது அபிப்பிராயத்தை எழுதுகிறோம்.

முதலில் ‘இழுவை’ என்ற சொல்லைப் பார்ப்போம். ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற கப் வாகனங்களின் விளம்பரத்தில் 3500 கிலோ வரை இழுக்கும் என்று எழுதியிருக்கும். எமது கணக்கில் அது 70 அந்தர். வாசிப்பவர் மனதில் உடனே எழும்புவது, லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியென்ன, பெரிய உழவு இயந்திரப் பெட்டியையே கொழுவலாம் என்ற எண்ணம். ஆனால் அந்த 3500 கிலோ, தனக்கென்று பிறேக் உள்ள பெட்டிக்கு உரிய அளவு. பிறேக் இல்லாத பெட்டிக்கு அதே வாகனங்களின் கைந்நூல்களிலேயே பொதுவாக 750 கிலோ என்றுதான் போட்டிருக்கும். அதுவும் பெட்டியின் சொந்த நிறையையும் சேர்த்து. எமது ஊர்களில் ஓடும் பெட்டிகளில் பிறேக் உள்ளவை எத்தனை என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள். இரும்புச் சட்டம், பலகை, லொறியிலிருந்து கழற்றிய பழைய அச்சு, இரண்டு சில்லு. பின் விளக்குக்கூட இல்லாதவை பல. அந்தப் பெட்டியின் நிறையைக் கழித்தால் ஏற்றுவதற்கு மிஞ்சுவது ஐந்தாறு அந்தர்தான்.

இதை நாம் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் எமது வேலைத்தலத்துக்கு இருபது மூடை சீமெந்தை அவசரமாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓர் இரட்டைக் கப் நின்றது. அயலில் கேட்டு ஒரு பெட்டியை எடுத்துப் பின் பம்பரில் ஒட்டவைத்திருந்த கொழுக்கியில் மாட்டினோம். இழுத்தது உண்மை, பாரம் இருப்பதே தெரியாமல் இழுத்தது. ஒரு முடக்கில் மாடு குறுக்கே வரப் பிறேக்கை மிதித்தபோதுதான் பாரம் தெரிந்தது. பெட்டி பின்னாலிருந்து வாகனத்தைத் தள்ளி, திருப்பி, வேலியோடு சாத்திவிட்டது. பம்பர் கழன்று வந்தது. பூவரசங் கதியால்கள் எம்மைக் காப்பாற்றின. மாடு திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது.

உழவு இயந்திரம் இதே பெட்டியை அதைவிடக் கூடிய பாரத்தோடு நாள் முழுக்க இழுக்கிறதே என்று கேட்கலாம். அது போவது மணிக்கு இருபது கிலோமீற்றர். கப் போவது அறுபது. வேகம் மூன்று மடங்கானால் நிறுத்துவதற்கு அடக்கவேண்டிய சக்தி மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. மலையில்லாத குடாநாட்டில் இழுப்பது எந்த வாகனத்துக்கும் பெரிய காரியமல்ல. நிற்பாட்டுவதுதான் காரியம். எனவே கப்பில் பெட்டி கொழுவத்தான் வேண்டுமென்றால், கொழுக்கி பம்பரில் அல்லாமல் சட்டத்தில் பூட்டப்படவேண்டும். பெட்டிக்குத் தன் பிறேக்கும் விளக்கும் வேண்டும். பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னாகப் பரவி, மொத்தத்தில் பத்திலொரு பங்கு கொழுக்கியில் அழுந்தும்படி ஏற்றவேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் பெட்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். தொடங்கிய நெளிவைச் சாரதியால் அடக்குவது கடினம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவில் 2005இல் வெளிவந்து, எமது றோட்டுகளில் ‘பட்டா’ என்ற பெயரில் ஓடுகின்ற சின்ன ராட்டா வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டர், 702 சீசீ டீசல் இயந்திரம். பார்வைக்கு ஒரு தீப்பெட்டி. அது தன் முதுகில் ஏற்றத்தாழ 750 கிலோ சுமக்கும். ஒரு கோடி ரூபாவுக்கு மேல் விலைபோகும் புதுக் கப்பைக் கொண்டு, பிறேக்கில்லாத பெட்டியில் பாதுகாப்பாக இழுக்கக்கூடியதிலும் கூடிய பாரம் அது. தோட்டத்திலிருந்து மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவருக்கு அதற்குமேல் என்ன தேவை? ஒரு தொன்னுக்கு மேல் அடிக்கடி ஏற்றுகிறவர், தம்புள்ளை வரை போக நினைக்கிறவர், பொலேரோ போன்ற ஒற்றைக் கப்பையோ சின்ன லொறியையோ யோசிக்கலாம். இரட்டைக் கப்பின் தட்டு ஐந்தடிதான், ஒற்றைக் கப்பின் தட்டு ஏழடிக்கு மேல். வெங்காய மூடைக்கு இருக்கை தேவையில்லை. கலியாண வீட்டுக்குப் போக இருக்கை வேண்டுமென்று ஒருவர் எம்மிடம் சொன்னார். அதுவும் ஒரு தேவைதான். ஆனால் அதை வெங்காயத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

நம்பகத்தைப் பற்றி எமது மக்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் துளியாகிவிட்ட குடாநாட்டில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் கார்களை எமது சிறுவயதில் கண்டோம். அவை ஓடியது விலையால் அல்ல. திறந்து பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, பழுதை ஊர்க் கராஜ்காரர் கையால் தொட்டு அறிந்தார் என்பதால். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, எமது குடும்பத்தின் நெல்மூடையும் பாயும் அம்மம்மாவும் போனது அயலவர் ஒருவரின் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில். நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக அது அடியடியாய் ஊர்ந்தது. லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியக் கொம்பனியின் பெயர். பின்னர் குபோட்டா வந்தும், சீன இயந்திரங்கள் வந்தும், நாம் இரண்டு சில்லு இயந்திரம் எல்லாவற்றையும் அந்தப் பெயராலேயே அழைக்கிறோம். நன்றியுள்ள சனம்.

இன்றைய கப் வாகனங்களின் டீசல் இயந்திரம் வேறு வகை. மிக உயர்ந்த அழுத்தத்தில், கணினி சொல்லும் கணத்தில், எரிபொருளை விசிறுகிறது. சிக்கனம், சத்தம் குறைவு, இழுவையும் நல்லது. ஆனால் டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தால் விசிறி பழுதாகும். பழுதை அறியவே ஒரு கருவி வேண்டும். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, கானிலும் பீப்பாவிலும் சேர்த்துவைத்து ஊற்றிய காலத்தை ஒருவரும் மறந்திருக்கமாட்டோம். ஆகவே எந்தப் பெயர் சிறந்தது என்பதைவிட, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதைத் திருத்தத் தெரிந்தவர் யார், அவரிடம் பாகம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். அயலில் பத்துப்பேர் வைத்திருக்கும் வாகனம், ஒருவரும் வைத்திராத நல்ல வாகனத்திலும் நல்லது. பழையது வாங்குவோர் சட்டத்தின் கீழே படுத்துப் பார்க்கவேண்டும். கடற்காற்றுப் பட்ட இரும்பு மேலே பளபளக்கும், கீழே உதிரும்.

இனிப் பணம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம். இருபது இலட்சம் கடன், ஐந்து ஆண்டுகள், மாதம் 55,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது மாதத்தில் கட்டுவது 33 இலட்சம். பதின்மூன்று இலட்சம் வட்டி. மாதத்துக்கு 55,000 என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிற காசு இது. லீசிங் மாதாமாதம் வரும், வெங்காயம் மாதாமாதம் வராது. மார்கழி மழையில் பயிர் அழுகிய ஆண்டிலும், இறக்குமதி வெங்காயத்தால் விலை விழுந்த ஆண்டிலும் தவணை நிற்காது. மூன்று தவணை பிந்தியபின் வாகனத்தைச் சீஸ் பண்ணிக்கொண்டு போனதையும், கட்டிய காசு போக மேலும் நிலுவை கேட்டுக் கடிதம் வந்ததையும் நாம் வீடு வீடாகக் கண்டிருக்கிறோம். சிலர் முற்பணத்துக்குக் காணி உறுதியை ஈடு வைக்கிறார்கள். எமக்குப் பயம் தருவது இதுவே. இருபத்தேழு ஆண்டு காத்திருந்து பெற்ற காணி, இன்னும் விடுபடாத அயல்காணிக்காரர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற காணி, ஒரு வாகனத்துக்காக மறுபடியும் கைமாறுவதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

கூட்டாக வாங்கலாம் என்று எழுதுவோம் என வாசகர்கள் எதிர்பார்ப்பீர்கள். எழுதத்தான் போகிறோம், ஆனால் ஒரு தயக்கத்தோடு. போருக்குப் பின்னர் இந்திய அரசு வடக்கின் கமக்கார அமைப்புகளுக்கென 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது. அப்படிப் பொதுவாக வருகிற இயந்திரங்களில் நன்றாக உழைப்பவையும் உண்டு, பற்றறி இறங்கிப் புல்லுக்குள் நிற்பவையும் உண்டு. முப்பது குடும்பத்துக்குச் சொந்தமான வாகனத்துக்கு எண்ணெய் மாற்றுகிற ஒருவர் கிடைப்பது அரிது. மூன்று குடும்பம் என்றால் முடியும். ஒருவரே சாரதி, ஒரு கொப்பியில் ஓட்டமும் டீசலும், ஓட்டத்துக்கு இவ்வளவென்று ரயர்க் காசு தனியாக. அண்ணன் தம்பியாய் இருந்தாலும் எழுதியே தீரவேண்டும். அண்ணன் தம்பி என்றால் இன்னும் கட்டாயம் எழுதவேண்டும்.

வந்தவரிடம் நாம் கேட்டது ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு, சந்தைக்கு எத்தனை முறை போகிறீர்கள், எத்தனை அந்தர் ஏற்றுகிறீர்கள், கூலிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினார். வாரத்தில் மூன்று ஓட்டம், ஓட்டத்துக்கு ஏழெட்டு அந்தர். அயல் பொடியன் ஒருவனின் பட்டாவுக்குக் கொடுத்த கூலி, லீசிங் தவணையின் பாதியையும் எட்டவில்லை. எரு இழுக்க லாண்ட்மாஸ்டரே போதுமென்று அதன் இயந்திரத்தைப் பிரித்துத் திருத்திக்கொண்டார், பெட்டிக்குப் புது ரயரும் பின்னுக்குச் சிவப்பு விளக்கும் போட்டார். தை அறுவடைக்குப் பிறகு, கையில் என்ன மிஞ்சுகிறதென்று பார்த்து, பழைய பட்டா ஒன்றைத் தம்பியாரோடு சேர்ந்து எடுக்கும் எண்ணம் இருக்கிறதாம். வெளியிலுள்ள மகனுக்குத்தான் கொஞ்சம் மனக்குறை. படம் அனுப்பச்சொல்லிக் கேட்டிருந்தானாம், தகப்பன் லாண்ட்மாஸ்டரின் படத்தை அனுப்பியிருக்கிறார்.