ஒளி வளையுமா சார்?

பத்தாம் வகுப்பில் சார் போர்டில் எழுதினார்: "ஒளி நேர்க்கோட்டில் செல்லும்." நான் எழுந்து, "வளையவே வளையாதா சார்?" என்று கேட்டேன். "அதிகப்பிரசங்கி, உட்கார்!" வகுப்பே சிரித்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு சும்மா இருக்காத ஒருவர் உண்டு. நரிந்தர் சிங் கபானி. 1926-ல் பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்தவர். டேராடூனில் படித்தபோது ஆசிரியர் இதையே சொல்ல, அது தப்பென்று காட்டவேண்டும் என்ற பிடிவாதம் வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நமக்கு இது புரிய குற்றாலமே போதும். அருவித் தண்ணீர் வளைந்துதான் விழுகிறது. ஆனால் அது சிதறிவிடும். சிதறாத மெல்லிய நீர்த்தாரை என்றால், உள்ளே விட்ட ஒளியும் அதோடு வளைந்து வரும். 1840களிலேயே ஜெனீவாவில் கொலாடன் என்பவர் இதைக் காட்டினார். தென்காசியில் எங்கள் மொட்டை மாடியில் நானும் செய்து பார்த்தேன். பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த ஓட்டைக்கு நேராக லேசர் லைட். தண்ணீர் விழுந்த என் உள்ளங்கை சிவப்பாக மின்னியது! (செய்து பார்ப்பவர்கள் லேசரைக் கண்ணில் அடிக்காதீர்கள்.)

உண்மையில் ஒளி அங்கே வளையவில்லை. நீரின் ஓரத்தில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. முழு அக எதிரொளிப்பு! ஆக, சார் சொன்னதும் தப்பில்லை. பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

கபானி தண்ணீருக்குப் பதில் கண்ணாடி இழையை எடுத்தார். ஓர் இழை ஒரு புள்ளி ஒளியைத்தான் கடத்தும். ஆயிரக்கணக்கான இழைகளை இரு முனையிலும் ஒரே வரிசையில் அடுக்கினால் முழுப் படமே வரும். ஜெர்மனியில் லாம் என்பவர் 1930-லேயே இதை முயன்றிருந்தார், படம் தெளிவாக வரவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸும் கபானியும் அதைத் தெளிவாக்கி, 1954-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் பார்க்கும் வளையும் எண்டோஸ்கோப் இந்த வழியில்தான் வந்தது.

2009-ல் இழை ஒளியியலுக்கு நோபல் கொடுத்தபோது சார்லஸ் காவோவுக்குக் கொடுத்தார்கள், கபானிக்கு இல்லை. 2020-ல் அவர் இறந்த பிறகு, 2021-ல் பத்ம விபூஷண் வந்தது. நோபல் அநியாயம் என்று பலரும் புலம்புகிறார்கள். காவோவின் வேலை தொலைதூரத் தகவல் தொடர்புக்கானது, அதுவும் பெரிய வேலைதான்.

என் வருத்தம் வேறு. நம் வகுப்புகளில் எத்தனை கபானிகளை உட்கார வைத்திருக்கிறோம்? அடுத்த முறை யாராவது இப்படி ஏதாவது கேட்டால் தயவுசெய்து சிரிக்காதீர்கள் நண்பர்களே. அன்று சிரித்தவர்களில் நீங்களும் சிலர் உண்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது!