மஞ்சள் பெயின்ட் அடிச்சா ஹெரிட்டேஜா?

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருக்கு, இன்னிக்குக் கொட்டிடறேன்.

நாலு சிமென்ட் தூண், மஞ்சள் பெயின்ட், ஜன்னலுக்கு மேல ஒரு வளைவு. உடனே 'ஹெரிட்டேஜ்'னு போர்டு! சனி, ஞாயிறு ஆனா வண்டி வண்டியா வந்து செல்ஃபி எடுக்கறாங்க. பத்திக்கிட்டு வருது மக்கா.

பாண்டிச்சேரி பழைய வீட்டுக்கு உசிரே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நம்ம வீடுகளுக்குத் திண்ணை, தாழ்வாரம், நடுவுல முற்றம். மேல தேக்கு உத்தரம், அதுக்கு மேல சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தா அடுக்கின மெட்ராஸ் டெரஸ். 18ஆம் நூற்றாண்டு ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் போய்ப் பாருங்க. கீழே நம்மூர் மரத்தூண், மாடியில ஃப்ரெஞ்சு பாணித் தூண். பெயின்ட்டை நம்பியா அது நிக்குது?

எங்க கதைக்கு வரேன். பிள்ளைச்சாவடியில தாத்தா கட்டின செங்கல் வீடு. சுவர் பொரியுதுன்னு ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். "சுண்ணாம்பெல்லாம் இப்ப யாரு சார் பூசறா?"ன்னு சிமென்ட் பூசிட்டுப் போனார். ரெண்டே மழைக்காலம். பூச்சு பாளம் பாளமா பெயர்ந்து, உள்ள செங்கல் மாவா கொட்டுச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சுவர் மூச்சு விடும். சிமென்ட் விடாது. கடலோரத்து உப்பு ஈரத்தோட உள்ளேயே மாட்டிக்கிட்டு, காயும்போது படிகமாகி செங்கல்லை உடைக்கும். ஆபீஸ்ல பழைய கோடு புரியாம கை வெக்கக் கூடாதுன்னு ஜூனியர் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவன் நான். சொந்த வீட்டுல ஒரு கேள்வி கேக்கல. வெட்கம்தான்.

19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு. அதே முகத்தோட புதுசா கட்டி 2021ல திறந்தாங்க. முகம் வந்துடுச்சு, அந்தச் சுவர் வருமா?

"சுண்ணாம்பு வேலைக்கு ஆளும் இல்ல, காசும் இல்ல"ம்பீங்க. காசு விஷயம் நியாயம்தான். ஆனா யாரும் கூப்பிடாட்டி எந்தக் கொத்தனார் அந்த வேலையைக் கத்துக்குவார்? வைசியாள் வீதி வீடுகளைச் சீர் பண்ணி 2008ல யுனெஸ்கோ விருதே வாங்கின ஊருய்யா இது!

பழைய வீடு வெச்சிருக்கறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். பெயின்ட் கலரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல சிமென்ட் மூட்டையை வாசலோட திருப்பி அனுப்புங்க.

டிஸ்கி: தாத்தா வீட்டுல வடக்குச் சுவர் இன்னும் தப்பிச்சு நிக்குது. அதுக்குச் சுண்ணாம்புதான்.