ஆடுற கண்ணும் "எப்ப நிக்கும்?"ங்கற கேள்வியும்

ரெண்டு மூணு மாசக் குழந்தையோட கண்ணு ரெண்டும் ஊஞ்சல் மாதிரி தானா ஆடிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு நிஸ்டாக்மஸ். பெத்தவங்க டாக்டர்கிட்ட முதல்ல கேக்கறது, "இது எப்ப நிக்கும்?" நியாயம்தான். ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது வேற ரெண்டு: "ஏன் ஆடுது?", "குழந்தைக்கு எவ்வளவு தெரியுது?"

எங்க மென்பொருள் பாஷையில, ஆட்டம் வெளியில தெரியற அறிகுறி. பக் பெரும்பாலும் வேற இடத்துல இருக்கும். பிறவிக் கண்புரை, விழித்திரைக் கோளாறு, அல்பினிசம், சரியா வளராத பார்வை நரம்பு. அபூர்வமா மூளையில கட்டி. அதனால எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னா தள்ளிப் போடாதீங்க. ரெண்டு கண்ணுலயும் அடர்த்தியான புரைன்னா முதல் ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்றதுதான் நல்லது. "வளர்ந்தா சரியாயிடும்"னு தாய்ப்பாலைக் கண்ணுல விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, போற ஒவ்வொரு வாரமும் பார்வைக்கு நஷ்டம்.

சரி, வைத்தியம்? ஸ்பாஸ்மஸ் நியூட்டன்ஸ்ங்கற ஒரு வகை சில வருஷத்துல தானா அடங்கும். மத்தபடி ஆட்டத்தை அடியோட நிறுத்தற மருந்தோ ஆபரேஷனோ இன்னிக்கு வரைக்கும் இல்லை. பவர் இருந்தா கண்ணாடி, கைக்குழந்தைக்கும் போடலாம். கேபாபென்டின், மெமன்டின் மாத்திரைகள் ஆட்டத்தைக் குறைக்குதுன்னு 2007-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆனா கைக்குழந்தைக்கு அது வழக்கமான வைத்தியம் இல்லை.

எந்தப் பக்கம் பார்த்தா ஆட்டம் குறையுதோ, அதுக்கேத்த மாதிரி குழந்தை தானே தலையைத் திருப்பிக்கும். கழுத்து ரொம்பத் திரும்பியிருந்தா கண் தசைகளை இடம் மாத்தற ஆபரேஷன் இருக்கு. ஆண்டர்சன், கெஸ்டன்பாம் ரெண்டு பேரும் 1953-லயே சொன்னது. கழுத்து நேராகும், ஆட்டம் நிக்காது.

என் கோபமெல்லாம் "தலையை நேரா வை, புக்கைத் தள்ளிப் பிடி"ன்னு அதட்டறவங்க மேலதான். கிட்டத்துல பார்க்கும்போது பலருக்கு ஆட்டம் குறையும். அந்தப் புள்ளை செய்யறது சேட்டை இல்லை சார், அதுவே கண்டுபிடிச்ச வைத்தியம். அதைக் கெடுக்காம முன் பெஞ்சு, பெரிய எழுத்து, பரீட்சையில கூடுதல் நேரம் குடுங்க. ஒரு கண்ணை மூடினா சிலருக்கு ஆட்டம் கூடும். அதனால பார்வையை ரெண்டு கண்ணும் திறந்தபடியும் சோதிக்கச் சொல்லுங்க.

கண்ணு ஆடட்டும், படிப்பு ஆடாம பார்த்துக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். முடிவை குழந்தைகள் கண் மருத்துவர்கிட்ட விட்டுடுங்க :)