ரூட்டு தலைக்கு ஓட்டுப் போட்டது யார்?

வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் 53-ஆம் எண் பேருந்தைப் பிடித்து மூன்று வருடம் அரசுக் கல்லூரிக்குப் போனவன் நான். அந்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூட கல்லூரிக்குள் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் எனக்கு இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். பேருந்தில் ரூட்டு தல. வகுப்பில், துறைத் தலைவர் நியமித்த கிளாஸ் ரெப். முதல் ஆளை சீனியர்கள் கைகாட்டினார்கள். இரண்டாவது ஆளை மார்க் கைகாட்டியது.

இரண்டாம் ஆண்டில் எங்கள் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு உதவித்தொகை வராமல் இழுத்தடித்தது. நான்கைந்து பேர் சேர்ந்து அலுவலகத்தில் போய்க் கேட்டோம். “எல்லாருக்கும் சேர்த்துப் பேச நீங்க யாரு? அவங்கவங்க அப்ளிகேஷனை மட்டும் கேளுங்க” என்றார்கள். திரும்பி வந்துவிட்டோம். பணம் எப்படியோ பிறகு வந்தது. அந்தக் கேள்விதான் இன்னும் போகவில்லை. உண்மையிலேயே நாங்கள் யார்? எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே!

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு மாணவர் சங்கத் தேர்தலுக்கு விதிமுறைகள் வகுத்தது. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத இடங்களில் தற்காலிகமாக நியமன முறை இருக்கலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்கிறது அந்த அறிக்கை. நியமனத்தையும் வெறும் மதிப்பெண்ணை வைத்துச் செய்யாதீர்கள் என்று சேர்த்தே சொல்கிறது. அந்த ஐந்து ஆண்டுகள் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சில பழைய தனியார் கல்லூரிகளில் தேர்தல் நடக்கிறது. நம் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் மாணவர் பேரவை என்பது காகிதத்தில்கூட இல்லை.

ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: “தேர்தல் வைத்தால் சாதிச் சண்டை வரும்.”

சரி, தேர்தல் வைக்காததால் சாதி வெளியே போய்விட்டதா? 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில் நடந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. போலீஸ் நின்று வேடிக்கை பார்த்ததையும் பார்த்தது. தேவர் ஜெயந்தி சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து ‘அம்பேத்கர்’ நீக்கப்பட்டதில் தொடங்கிய மோதல் அது. யார் எந்தப் பதவிக்கு வருவது என்ற சண்டையே இல்லை. அதற்கு அரசு கண்ட தீர்வு என்ன? கல்லூரியையே இரண்டாகப் பிரித்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் அனுப்பிவைத்தது. இடம் மாறியது. மாணவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

தேர்தல் இல்லாத இடத்திலும் தலைவர்கள் முளைக்கத்தான் செய்கிறார்கள். கையில் கட்டும் கலர் கயிறு, ஜெயந்திக்கு ஒட்டும் போஸ்டர், பஸ் டே அன்று பேருந்துக் கூரையில் ஏறுகிற துணிச்சல் இவைதான் அவர்களுடைய தகுதி. ரூட்டு தல எப்போதும் ஆண்தான். அதே பேருந்தில் வருகிற பெண்களுக்கு அங்கே குரலே கிடையாது. 2019-இல் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பேருந்துக்குள் புகுந்து பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். 2024-இல் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார். இவ்வளவும் தேர்தல் நடந்ததால் வந்த வன்முறை இல்லை.

“சட்டம் ஒழுங்கு கெடும்” என்ற வாதத்தை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது பத்து ஆண்டுகள் அங்கே முறையாகத் தலைவர் உட்கார முடியவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். அதற்காகத் தனி ஊராட்சி என்ற ஏற்பாட்டையே கைவிட்டிருந்தால் வென்றது யார்? 2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடத்திக் காட்டியது அரசு. லிங்டோ உத்தரவு வந்த அடுத்த மாதம்தான் அது. ஊரில் செய்ய முடிந்ததைக் கல்லூரியில் செய்ய முடியாது என்றால், முடியவில்லை என்பதைவிட மனமில்லை என்பதுதான் பொருள். 1967-இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ.சீனிவாசன் இந்தி எதிர்ப்புப் போரில் உருவான மாணவர் தலைவர். மாணவர்கள் அமைப்பாகத் திரண்டால் என்ன நடக்கும் என்பதை நம் கட்சிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை.

அதற்காக லிங்டோ விதிகளை அப்படியே கொண்டுவந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின்படி போட்டியிடுகிற ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். காலையில் பேப்பர் போட்டு, இரவில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் படிக்கிற முதல் தலைமுறை மாணவனுக்கு இந்த இரண்டும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். எம்.எல்.ஏ. ஆவதற்குக்கூட அரியர் தடையில்லை.

இன்னொரு விதி, நிர்வாகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் நிற்கவே முடியாது என்கிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றியபோது, மாணவர் சங்கத் தேர்தலில் பங்கேற்கவும் சேர்த்தே தடை விதித்தார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம். சாதியைக் கேள்வி கேட்பவர் மீதுதான் முதலில் ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்ற அனுபவம் உள்ள நாம் இந்த விதியை எப்படி ஏற்பது?

இட ஒதுக்கீடு பற்றியும் பேச வேண்டும். தேர்தலுக்குப் பேர்போன ஜே.என்.யூ.விலேயே 1996-க்குப் பிறகு ஒரு தலித் மாணவர் சங்கத் தலைவராக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளாட்சியில் தலைவர் பதவிகளைச் சுழற்சி முறையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்குகிறோம், பெண்களுக்குப் பாதி இடம் தருகிறோம். அதே ஏற்பாடு மாணவர் பேரவைக்கும் வேண்டும். தலைவர் பதவியையும் அந்தச் சுழற்சிக்குள் கொண்டுவர வேண்டும்.

கடந்த ஆண்டுகளில் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றியது தமிழ்நாடு அரசு. நல்லது. அந்த விடுதியில் சாப்பாடு சரியில்லை என்றால் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்கிற உரிமையோடு ஒரு பிரதிநிதி இருப்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கல்லூரிக்கு ஒரு மனு போடுங்கள். 2006-க்குப் பிறகு எத்தனை முறை மாணவர் பேரவைத் தேர்தல் நடந்தது, நடக்கவில்லை என்றால் எந்த உத்தரவின்படி என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். “நீங்க யாரு?” என்று இந்த முறை அவர்கள் கேட்க முடியாது. மனுதாரர் எதற்காகக் கேட்கிறார் என்று விசாரிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.