கயிறு வேண்டாம், பாடம் போதும்!



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் பக்கத்துச் சாலைகளுக்கே ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. மஞ்சள் உடை உடுத்தி, குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு, கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்து வருகிறார்கள். எல்லாரும் போவது ஒரே இடத்துக்குத்தான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு! ஆடிக் கடைசி வெள்ளியன்று அங்கே கூடும் கூட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அன்று சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கும். அந்த வீடுகளில் சிலவற்றில் ஓர் உயிர் மட்டும் கோவிலுக்குப் போகாமல் தனியாக இருக்கும். அது யார் தெரியுமா? நீங்கள் ஆசையாய் வளர்க்கும் நாய்தான். அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம். அதனால் பெயர் செவலை. நல்ல நாய். ஆனால் ஒரு பழக்கம். கதவு திறந்திருந்தால் போதும், நேராக அடுப்படிக்குள் போய் நிற்கும். என் அம்மாவுக்கு அது பிடிக்காது. எனவே வெளியே கிளம்பும் போதெல்லாம் அதை முற்றத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போவோம்.

ஓர் ஆடிக் கடைசி வெள்ளி. என் மகளுக்கு முடி இறக்குவதற்காகக் குடும்பத்தோடு இருக்கன்குடிக்குப் போனோம். காலையில் கட்டும்போது மரத்தடியில் நல்ல நிழல். பக்கத்தில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர். "சாயங்காலம் வந்துவிடுவோம்" என்று அதன் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினோம்.

கூட்டத்தில் சிக்கி, வீடு திரும்ப இரவாகிவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியருகே செவலை, தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

என்ன நடந்தது? வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்துவிட்டது. நிழலைத் தேடிச் செவலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கயிறு மரத்தில் சுற்றிச் சுற்றிக் குட்டையாகிவிட்டது. தண்ணீர்ச் சட்டி கால் பட்டுக் கவிழ்ந்துவிட்டது.

"வாத்தியாரய்யா, குரைச்சுக்கிட்டே கிடந்துச்சு. நான் கண்டுக்கிடலை. பெறகு சத்தமே இல்ல. சத்தம் நின்ன பெறகுதான் எனக்குப் பயம் வந்துச்சு" என்றார் பெரியம்மா. அவர்தான் சுவரேறி உள்ளே வந்து, கயிற்றை அறுத்து, தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

பிறகு ஒன்று கேட்டார். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுக்கீக. வாசப்படியத் தாண்டாதேன்னு இந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! அடுப்படிக்குள் வரக்கூடாது என்பதை நாங்கள் செவலைக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. கற்றுக்கொடுக்காததால்தான் கட்டிப் போட்டோம். தவறு எங்களுடையது. தண்டனை அதற்கு!

அன்று நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். எல்லை தெரிந்த நாய்க்குக் கயிறு தேவைப்படாது.

குழந்தைகளே, நாய்கள் குறைந்தது 15 ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்கின்றன. ஆனாலும் அடுப்படி எது, பூஜை அறை எது, அப்பாவின் செருப்பு எது என்று அவற்றுக்குப் பிறவியிலேயே தெரியாது. நாம்தான் சொல்லித் தரவேண்டும். எப்படி?

முதலில் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். நாய் எந்த அறைவரை வரலாம்? கட்டிலில் ஏறலாமா? ஒரு முடிவுக்கு வாருங்கள். தாத்தா விரட்டுவார், தங்கச்சி பிஸ்கட் காட்டி உள்ளே கூப்பிடுவாள் என்றால் நாய் யார் பேச்சைக் கேட்கும்? விதி ஒன்றாக இருக்கவேண்டும். சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் "நில்", இன்னொருவர் "போ", மற்றவர் "ஏய்" என்றால் அதற்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து, வாசற்படியில் நின்றுகொள்ளுங்கள். நாய் படியருகே வரும்போது கையை நீட்டி "நில்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அது நின்றால், நின்ற அந்த நொடியே ஒரு சிறு தீனியும் ஒரு தட்டிக்கொடுத்தலும் தரவேண்டும். தாண்டி வந்துவிட்டால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். பேசாமல் வெளியே அழைத்துக்கொண்டுபோய் மறுபடி தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குமேல் போனால் உங்களுக்குக் கணக்குப் பாடத்தில் வருகிற மாதிரி அதற்கும் அலுப்பு வந்துவிடும்!

"உள்ளே வராதே" என்று சொன்னால் மட்டும் போதாது. "இது உன் இடம்" என்று ஒன்றைக் காட்டவும் வேண்டும். திண்ணை மூலையில் ஒரு சாக்கை விரித்து, சாப்பாட்டை அங்கேயே வையுங்கள். நாலைந்து மாதக் குட்டிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடித்தே தீரும். கடிக்க அதற்கென்று ஒரு பொருள் கொடுத்துவிட்டால் உங்கள் செருப்பு பிழைக்கும்.

இன்னொரு முக்கியமான செய்தி. வீட்டுக்குத் திரும்பி வந்து, எப்போதோ கடித்துப்போட்ட செருப்பைக் காட்டி நாயைத் திட்டுகிறோம். அது காதை மடித்து, வாலைச் சுருட்டிக்கொண்டு ஒடுங்குகிறது. "பார், தப்பு செய்தது தெரிந்துதான் முழிக்கிறது" என்கிறோம். அது சரியில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார். தொடக்கூடாது என்று சொன்ன தீனியைத் தொடாமல் இருந்த நாய்கள்கூட, எஜமானர் திட்டியதும் அதே குற்றவாளி முகத்தைக் காட்டின! அது தப்பை உணர்ந்த முகமல்ல, நம் கோபத்தைக் கண்டு பயந்த முகம்தான். எனவே, நடந்து முடிந்ததற்குத் திட்டுவதால் பயனில்லை.

சரி, எல்லை தெரிந்துவிட்டது. தனியாக இருக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி இருந்தார். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு தருவதற்குமுன் ஓர் ஓசையை எழுப்புவதைப் பழக்கமாக்கினால், பிறகு அந்த ஓசையைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று அவர் கண்டுபிடித்தார்.

உங்கள் வீட்டு நாயும் அப்படித்தான். பூட்டுச் சாவி குலுங்கினால், செருப்பை மாட்டினால், "ஐயோ, எல்லாரும் போகப் போகிறார்கள்" என்று அதற்குத் தெரிந்துவிடும். அப்போதே அதன் பயம் தொடங்கிவிடும். அந்தப் பயத்தைப் போக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. சாவியை எடுத்துக் குலுக்குங்கள். வெளியே போகாமல் உட்கார்ந்து பாடம் படியுங்கள்! செருப்பை மாட்டுங்கள். மறுபடி கழற்றி வையுங்கள். சில நாட்களில் சாவிச் சத்தம் கேட்டாலும் நாய் பேசாமல் படுத்திருக்கும்.

அதன்பின் ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே, 'எளியதிலிருந்து கடினத்துக்குப் போ' என்பதுதான். அ, ஆ எழுதுமுன் யாரும் கட்டுரை எழுதுவதில்லையே! கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுது விடைபெற வேண்டாம். திரும்பி வந்ததும் பெரிய ஆர்ப்பாட்டமும் வேண்டாம். "போனவர்கள் வந்துவிடுவார்கள்" என்ற நம்பிக்கைதான் அது கற்கவேண்டிய பாடம்.

கிளம்புமுன் ஒரு நடை கூட்டிப்போய் வாருங்கள். களைத்த நாய் சுகமாய்த் தூங்கும். கவிழாத கனமான சட்டியில் தண்ணீர் வையுங்கள். மதியத்திலும் நிழல் இருக்குமா என்று பாருங்கள். நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்து நாய் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணிக்கவேண்டும். எனவே மொட்டைமாடியிலோ, பூட்டிய காருக்குள்ளோ ஒருபோதும் விடக்கூடாது. வளர்ந்த நாயானாலும் நான்கு மணி நேரத்துக்குமேல் தனியே விடாதிருப்பது நல்லது. நாள் முழுக்க வெளியே போகிறீர்களா? பக்கத்து வீட்டில் அதற்குப் பழக்கமானவரிடம் நடுவில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு பாடமும் உண்டு. சிவகாசிப் பட்டாசு நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. திருவிழா, கல்யாணம் எதுவானாலும் இங்கே வெடிதான்! ஆனால் நமக்குக் கேட்காத மெல்லிய ஒலியும் நாய்க்குக் கேட்கும். நம் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாயின் காது ஏறக்குறைய 45 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு வெடிச் சத்தம் எப்படி இருக்கும்! மிரண்டு ஓடி வழி தவறிப்போன நாய்கள் எத்தனையோ. 2018-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை வெடிக்கலாம் என்று அறிவித்து வருகிறார்கள். அந்த நேரங்களில் மட்டுமாவது நாயைத் தனியே விடாதீர்கள். உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, யாராவது பக்கத்தில் இருங்கள். கழுத்துப்பட்டையில் அப்பாவின் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள்.

நம் மாவட்டத்து ராஜபாளையம் நாய் உலகப் புகழ் பெற்றது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதன் படத்தோடு தபால் தலையே வெளியிட்டது. அந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பதுண்டு. அவற்றையும் கைச் சைகையால் பழக்கலாம். காதே கேளாத குட்டி கற்றுக்கொள்ளும்போது, காது கேட்கும் நாயைப் பார்த்து "இது திருந்தாது" என்று நாம் சொல்லலாமா?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கால்நடைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் எழுப்பிய கல் அது. அந்த நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன்! ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண் நம் மண்.

நாயை நெடுநேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிப்போடுவது, எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது, இரண்டுமே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதை வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். தெருநாயிடமோ, அடுத்த வீட்டில் கட்டிக் கிடக்கும் நாயிடமோ இந்தப் பாடத்தை நடத்தப் போகாதீர்கள். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடாதீர்கள். வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடவேண்டும். எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறலானாலும், அம்மா திட்டுவார் என்று மறைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

செவலை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? தேறிவிட்டது. ஒன்றரை மாதத்தில் வாசற்படிப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. தனியாக இருக்கும் பாடத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. மறு வருடம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு அதைக் கட்டாமல், முற்றத்தில் அவிழ்த்தே விட்டுவிட்டுப் போனோம். பெரியம்மா மதியம் வந்து கஞ்சி ஊற்றிவிட்டுப் போயிருந்தார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தோம். செவலை எழுந்து சோம்பல் முறித்தது. வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டது. என் அம்மா ஒரு தட்டில் பொங்கலை எடுத்துக்கொண்டு, படியைத் தாண்டி அதனிடம் போனார்.

இந்த ஆடிக் கடைசி வெள்ளிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பாடத்தை இன்றே தொடங்குங்கள். ஒரு நிமிடத்திலிருந்து!

உங்கள் அன்புள்ள,
வாத்தியார் தாத்தா